பச்சோந்தியின் கண்ணுக்கு எந்த ஸ்ப்ரே: கைப்பாட்டிலா, டைமர் செட்டா, உரக்கடை பம்ப்பா?

போன ஏப்ரலில் எங்கள் பச்சோந்தி குண்டு ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டே உட்கார ஆரம்பித்தான். ராத்திரியில் மூடினால் சரி. பட்டப்பகலில் பச்சோந்தி கண்ணை மூடுகிறது என்றால் அது தூக்கமில்லை, உடம்பில் ஏதோ கோளாறு. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கைப்பாட்டில், டைமர் வைத்துத் தானாகத் தூறல் அடிக்கும் மிஸ்டிங் செட், உரக்கடை பம்ப் என்று மூன்றையும் வாங்கிப் பார்த்தாயிற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பம்ப் கட்சி.

குண்டு ஏமன் பக்கத்து வகை, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறோம். ஜவ்வாது மலைப் பக்கம் சாலையைக் கடக்கிற நம்ம ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆசை வேண்டாம்.

கண்ணுக்கும் ஸ்ப்ரேவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பச்சோந்திக்கு மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டி ஒரே கூம்பாக இருக்கும், நடுவில் பாவை அளவுக்கு ஒரு துளை மட்டும். அதற்குள் தூசியோ உரிந்த தோலோ போனால் கையால் துடைத்துக்கொள்ள முடியாது. ஐந்து நிமிடம் விடாமல் மேலே தூறல் விழுந்தால்தான் கண்ணை பலூன் மாதிரி உப்பவைத்து, உள்ளே நாலா பக்கமும் உருட்டி, கடைசியில் கிளையில் ஒரு தேய் தேய்த்து அழுக்கை வெளியே தள்ளும். முதல் தடவை பார்த்தபோது கண்ணே பிதுங்கி விழப்போகிறது என்று பயந்துவிட்டேன்.

கைப்பாட்டில் இங்கேதான் தோற்கிறது. அறுபது ரூபாய்தான், ஆனால் முப்பது அழுத்தலில் விரல் வலிக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் பச்சோந்தி மிரண்டு கண்ணை இறுக்கிக்கொள்ளும், அது இளகிக் கழுவ ஆரம்பிக்கிற நேரத்தில் நாம் ஓய்ந்துவிடுவோம். நான் ஓய்ந்தேன்.

டைமர் செட் பெங்களூரு, சென்னை ஆட்கள் எல்லோரும் சிபாரிசு செய்வது. காலையும் மாலையும் தானாக அடிக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது, இதில் நான் வாதம் செய்ய மாட்டேன். ஆனால் அவர்கள் யாரும் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி போர் தண்ணீரில் அதை ஓட்டியதில்லை. நீரில்லா ஆறு என்று சும்மாவா வேலூரைச் சொன்னார்கள். எங்கள் வீட்டு டேங்க் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,400க்குக் குறையாது. மூன்றாவது வாரமே தண்ணீர் பீய்ச்சும் நாசில் ஒன்று ஒரு பக்கமாக அடித்தது, அடுத்தது சொட்டியது, இன்னொன்று நின்றேவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஊசிமுனைத் துளையைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்தேன், பத்து நாளில் திரும்ப அடைத்தது.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே என்பீர்கள். ஊற்றினேன். அடைப்பு நின்றது, அப்புறம் வழவழப்பு வந்தது. நம்ம வெயிலில் டப்பாவில் நிற்கும் தண்ணீர் மூன்றாம் நாளே விரலில் வழுக்கும், குழாய்க்குள் பிடிக்கும் பாசியைத் துடைக்க வழியே இல்லை. கண்ணைக் கழுவ என்று வாங்கிய சாதனம் பாசித் தண்ணீரைக் கண்ணில் அடித்தால் எதற்கு? இன்னொன்று, மே மாதம் பால்கனி ஓரமாகப் போகிற குழாயில் நின்ற தண்ணீர் கொதித்துக் கிடக்கும், மதியம் டைமர் போட்டால் முதல் பத்து விநாடி வெந்நீர்தான். கை வைத்துப் பார்த்து நானே உதறினேன்.

பம்ப் என்பது லாங் பஜார் பக்கம் உரக்கடையில் வாங்கிய இரண்டு லிட்டர் கைப்பம்ப், செடிக்கு மருந்து அடிப்பது. 350 ரூபாய். புதிதாகத்தான் வாங்க வேண்டும், வீட்டில் மருந்து அடித்த பழையது இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். இருபது தடவை அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டால் விடாமல் தூறும். கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி, முகத்தில் நேராக அடிக்காமல் தலைக்கு மேலே இருக்கும் இலைகளில் அடிப்பேன், சொட்டுச் சொட்டாக இறங்கும். முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் பாசிக்கு இடமில்லை. பராமரிப்பு அவ்வளவுதான், எனக்கு முடிவைச் சொன்னதும் அதுதான். குறை, தினமும் இரண்டு வேளை ஆள் நிற்க வேண்டும். அம்மாவின் குறை வேறு: “இன்னாடா, அதுக்கு மட்டும் தண்ணி அடிச்சிகினே கீற, மாடிச் செடிக்கு ஒரு சொட்டு ஊத்துனியா?”

மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பரும் இரண்டு வாரம் வைத்திருந்தேன். குண்டு குடிக்க நன்றாக இருந்தது, அதில் அவன் கண் கழுவி நான் பார்க்கவில்லை.

எல்லாக் கண் கோளாறும் தண்ணீரில் தீராது. காயில் மாதிரி சுருண்ட யுவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு கிட்டத்தில் இருந்தால் அதனாலேயே கண் மூடலாம், நீளக் குழல் விளக்குக்கு மாறுங்கள். வைட்டமின் ஏ குறைந்தாலும் இமை வீங்கும், அதற்காகச் சொந்தமாக டோஸ் ஏற்றினால் அதுவே விஷம். எங்களுக்கு உள்ளூரில் ஒருவர் மனிதர்களுக்கான சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்தார், பெட்டியைப் படித்தால் ஸ்டீராய்டு. கருவிழியில் கீறல் இருந்தால் ஸ்டீராய்டு புண்ணைப் பெரிதாக்கும் என்பதால் போடாமல் வைத்துவிட்டேன். பம்ப் வாங்கிய இரண்டாம் நாள், கிளையில் தேய்த்த இடத்தில் அரிசி உமி அளவுக்குத் தோல் ஒட்டியிருந்தது, சாயங்காலம் கண் பாதி திறந்தது. திறந்திருக்காவிட்டால் மறுநாள் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதாக இருந்தோம். வீக்கமோ சீழோ இருந்தால் அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

டைமர் செட்டின் மோட்டாரை எங்கள் ஆர்.ஓ. மெக்கானிக் 500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், அவர் வீடுகளில் மாட்டுகிற அதே பூஸ்டர் பம்ப்தானாம். நாசில்களை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.