தோட்ட வேலையால் வறளும் கைகளுக்கு எது உகந்தது? தேங்காய் எண்ணெய், வாசலீன், கிளிசரின், யூரியாக் கிரீம், கையுறை: ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் வைகாசி தொடங்கி ஆவணி வரையில் வீசும் கச்சான் காற்று, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்குச் சரிவால் இறங்கும்போது சூடேறி, ஈரம் இழந்து நம்மிடம் வந்து சேர்வதாகும். நமது பெருமழை ஐப்பசி முதல் தை வரையே பெய்வதால், சிறுபோகக் காலத்து வீட்டுத்தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன. ஆகவே, காற்று மிகவும் உலர்ந்திருக்கும் அதே மாதங்களில்தான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பயிற்றைக்கும் நீர் இறைக்கும் கைகள் ஒரே நாளில் பலமுறை நனைந்து பலமுறை காய்கின்றன. நனைவதும் காய்வதும் இப்படி மாறிமாறி வருவதே தோட்டக்காரரின் கைகளை வறளச் செய்யும் முதற்காரணம். வெயிலின் பங்கு அதற்கு அடுத்ததுதான்.

மண்ணும் தன் பங்கைச் செய்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் தோலின் மேற்படையை உராய்ந்து தேய்க்கிறது. தம்பலகாமத்து வயற்களி கையில் அப்பிக் காயும்போது தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் அதனை அகற்றுவதற்காக அழுத்தித் தேய்க்க நேர்வதால் சேதம் இரட்டிப்பாகிறது.

எந்தப் பூச்சு நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்பு உள்ளங்கையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். உடலின் பிற பகுதிகளில் தோலுக்கு எண்ணெய் சுரந்து கொடுக்கும் சுரப்பிகள் உள்ளங்கையில் அறவே இல்லை. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே. உள்ளங்கைத் தோலின் இறந்த மேற்படை மற்ற இடங்களைவிடப் பலமடங்கு தடித்தது என்பதால் அது உழைப்பைத் தாங்குகிறது. ஆனால் அந்தப் படையின் கலங்களுக்கிடையே உள்ள கொழுப்பு கழுவுண்டு போனால், அதன்மேல் பூசி ஈடுசெய்வதற்கு அதனிடம் சொந்த எண்ணெய் இல்லை. ஈரம் இழந்த தடித்த தோல் வளைய மறுத்து, விரல் மடிப்புகளிலும் பெருவிரல் நுனியிலும் வெடிக்கிறது. புறங்கையின் தோல் மெல்லியது என்பதால் அது வெடிப்பதைவிடச் சொரசொரத்து அரிப்பெடுப்பதே மிகுதி. ஒரே கையின் இரு பக்கங்களுக்கும் ஒரே மருந்து ஒரே அளவில் உதவாதிருப்பதன் காரணம் இதுவே.

தேங்காய் எண்ணெயும் வாசலீனும்

நம் வீடுகளில் இவ்விரண்டுக்கும் இடையேதான் உண்மையான போட்டி. பிலிப்பைன்சில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, கால்களில் மிதமான வறட்சி உடையவர்களுக்குத் தூய தேங்காய் எண்ணெயையும், வாசலீனைப் போலப் பெற்றோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெயையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் தோலின் ஈரத்தை உயர்த்தியதாகக் கண்டது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதற்குச் சில நுண்ணுயிர்களை அடக்கும் தன்மையும் உண்டு. கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது என்பதால் நமது வெப்பத்திலும் அது விரைவில் சிக்கு நாற்றம் அடிப்பதில்லை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுத்த எண்ணெயாக இருந்தால் அதில் வாசனைத் திரவியமோ பதனப் பொருளோ கலந்திருக்காது. இவ்விரண்டுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது சிறிய நன்மையன்று.

வாசலீன் எனப்படும் பெற்றோலியக் களி 1872 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கிறது. இந்த ஒரு வேலையில், எளிதிற் கிடைக்கும் பூச்சுகளுள் அதற்கு இணையானது இல்லை. தாவர எண்ணெய்கள் யாவும் அதற்குப் பின்னேதான் நிற்கின்றன. ஒவ்வாமை ஏற்படுத்துவதும் மிக அரிது. வெடித்த இடத்தில் பூசினாலும் எரிவதில்லை.

அப்படியானால் வாசலீனே போதும் என்று முடித்துவிடலாமா என்றால், தோட்டத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை. முற்பகல் வெயிலில் அது இளகிக் கை முழுவதும் பிசுபிசுக்கிறது. நிலாவெளி மணலில் ஒருமுறை கை வைத்தால் மணற்பொடி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு, மண்வெட்டிப் பிடியைப் பற்றும்போதெல்லாம் தோலைத் தேய்க்கிறது. தேங்காய் எண்ணெயோ ஒருபகுதி தோலுக்குள் ஊறிவிடுவதால், வேலைக்குக் கால்மணி நேரத்துக்கு முன்னர் சில துளிகளை மட்டும் தேய்த்து, எஞ்சியதைத் துணியால் ஒற்றிவிட்டால் பிடி வழுக்குவதில்லை. களிமண்ணும் முன்போல இறுக ஒட்டாமல் எளிதிற் கழுவுப்படுகிறது. மேலும், பலாப்பழம் அரிந்த கையிலும் வாழைக்குலை வெட்டிய கையிலும் பாலும் கயரும் ஒட்டாதிருப்பதற்கு முன்கூட்டியே எண்ணெய் பூசும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. ஒட்டிய பலாப்பாலை அகற்றுவதற்குச் சிலர் மண்ணெண்ணெயை நாடுகிறார்கள். அது பாலோடு சேர்த்துத் தோலின் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. அதே வேலையைத் தேங்காய் எண்ணெய் சற்றுப் பொறுமையுடன், தீங்கின்றிச் செய்யும்.

ஆகவே என் முடிவு இதுதான்: வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய், உறங்கப் போகுமுன் வாசலீன். இரவில் கையைக் கழுவி, முழுவதும் உலர விடாமல், ஈரம் இருக்கும்போதே வாசலீனைத் தடவி, பழைய பருத்திக் காலுறையையோ பருத்திக் கையுறையையோ மாட்டிக்கொண்டு உறங்குவதே மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதுமான வழி. உலர்ந்த கையில் பூசினால் மூடிவைப்பதற்கு உள்ளே ஈரம் போதாது. வாசலீன் பயன் தரவில்லை என்று சொல்பவர்களுட் பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள்.

நல்லெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அதில் லினோலெயிக் அமிலம் கணிசமாக உள்ளது. அது தோலின் தடுப்புப் படைக்குத் தேவையான கொழுப்பமிலமே. ஆயினும் அதன் மணமும் கனமும் பகல் வேலைக்கு உகந்தவை அல்ல. இரவிலோ வாசலீன் அதனை விஞ்சிவிடுகிறது. எள் ஒவ்வாதவர்கள் அதனைத் தொடவே கூடாது. உயர்ந்த விலை கொடுத்து ஒலிவ எண்ணெய் வாங்கிப் பூசுவோருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: அதில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலம் தோலின் தடுப்புப் படையைத் தளர்த்தக்கூடியது, வறட்சிக்கு அதனைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

கிளிசரின், கற்றாழை

கிளிசரின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் மார்கழி மழைக்காலத்தில் அது நன்றாக வேலை செய்கிறது. கச்சான் வீசும் பிற்பகலிலோ, காற்றில் இழுப்பதற்கு ஈரம் இல்லாதபோது, தோலின் ஆழத்திலிருந்தே அதனை மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடக்கூடும். எனவே தூய கிளிசரினை அப்படியே பூசாமல், பன்னீருடனோ கொதித்தாறிய நீருடனோ சம அளவு கலந்து நனைந்த கையில் பூசி, அதன்மேல் எண்ணெயையோ வாசலீனையோ தடவி மூடினால்தான் முழுப் பயனும் கிட்டும். மேலே மூடாத கிளிசரின் பாதி வேலைதான்.

கற்றாழையின் உட்சதை ஏறக்குறைய முழுவதும் நீரே. வெயிலில் காய்ந்த புறங்கைக்கு அது குளிர்ச்சி தருகிறது. அந்த நீர் ஆவியானதும் வறட்சி திரும்பிவிடுகிறது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பால் தோலை உறுத்தும் என்பதால், அதனை வடியவிட்டுக் கழுவிய பின்னரே சதையை எடுக்க வேண்டும். வறட்சிக்கான போட்டியில் கற்றாழைக்கு நான் கடைசி இடமே கொடுப்பேன்.

யூரியாக் கிரீம்

தோட்டக்காரருக்குப் பசளையாகவே அறிமுகமான யூரியா, நமது தோலின் மேற்படையில் இயல்பாகவே இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களுள் ஒன்று. பாமசிகளில் கிடைக்கும் 10 சதவீத யூரியாக் கிரீம் ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு தடித்த தோலையும் சற்று இளக்குகிறது. 20 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவை காய்ப்பேறிய தோலைக் கரைத்து உரிக்கும் வலிமை உடையவை. மண்வெட்டியும் உழவாரையும் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கைக்கு இதற்கு நிகரானது வேறில்லை; எண்ணெயும் வாசலீனும் அந்தத் தடிப்பை ஊடுருவ மாட்டா. ஆனால் வெடிப்பு வாய்திறந்திருக்கும்போது பூசினால் கடுமையாக எரியும். ஆதலால் முதலில் சில இரவுகள் வாசலீனால் வெடிப்பை மூடவிட்டு, அதன் பின்னரே யூரியாக் கிரீமுக்கு வருவது நல்லது. மெல்லிய புறங்கைக்கு வலிமை கூடியது வேண்டாம்.

பெயர் ஒன்றாக இருப்பதை நம்பிப் பசளை யூரியாவை எண்ணெயில் கலந்து பூசுவது முற்றிலும் தவறானது. 46 சதவீதம் நைதரசன் கொண்ட அந்தக் குருணைகள் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்டவை அல்ல. வெறுங்கையால் அள்ளி வீசும்போதே அவை ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து தோலை உறுத்துகின்றன. பசளை இடும் நாளில் கையுறை கட்டாயம் வேண்டும்.

கையுறைகள்

தடுப்பு என்று வரும்போது கையுறைதான் முதல் ஆயுதம் என்று பலரும் சொல்வார்கள். நான் அதனை நிபந்தனையோடுதான் ஏற்கிறேன். சமையலறை இறப்பர்க் கையுறையை நமது வெப்பத்தில் அரைமணி நேரம் அணிந்தாலே உள்ளே வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடுகிறது; கழற்றியதும் அந்த ஊறிய தோல் முன்னிலும் விரைவாகக் காய்கிறது. தனிப் பருத்திக் கையுறையோ ஈரமண்ணில் நனைந்து, நனைந்த துணியைக் கையோடு சேர்த்துக் கட்டிவைத்தாற்போல ஆகிவிடுகிறது. உலர்ந்த வேலைக்கும் முள்செடிக்குமே அது பொருந்தும். உள்ளங்கைப் பக்கம் மட்டும் நைற்றைல் என்ற செயற்கை இறப்பரைப் பூசி, புறங்கைப் பக்கம் பின்னல் துணியாக விடப்பட்ட கையுறையே இந்த ஊருக்கு மிகப் பொருத்தமானது. காற்று உள்ளே புகும், மண் உள்ளங்கையைத் தொடாது. எண்ணெயோ வாசலீனோ பூசிய கையில் இயற்கை இறப்பர்க் கையுறையை அணிந்தால், அந்த எண்ணெய்ப்பசை இறப்பரை நலிவித்துக் கிழியச் செய்யும். நைற்றைல் அதனைத் தாங்கிக்கொள்ளும்.

கிருமிநாசினி தெளிக்கும்போதும், பசளை இடும்போதும், முற்றிய மிளகாய் ஆயும்போதும் கையுறை அவசியம். நாற்று நடுவதற்கும் நுண்ணிய களை பறிப்பதற்கும் வெறுங்கையே வசதியானது; அங்கே முன்கூட்டிப் பூசிய எண்ணெய் போதும். வெறுங்கையால் மண்ணில் இறங்குமுன் சவர்க்காரக் கட்டியை நகங்களால் சுரண்டிக்கொண்டால், நக இடுக்குகளில் சவர்க்காரம் நிறைந்து மண் புகாமல் தடுக்கும். பின்னர்த் தூரிகையால் நகத்தடியை உரசி எடுக்கும் கொடுமை மிச்சமாகும்.

கழுவுவதில்தான் பாதி தீர்ப்பு

மேற்கூறிய எதனைத் தேர்ந்தெடுத்தாலும், கழுவும் முறை பிழையாக இருந்தால் பயன் குறைவே. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத் தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும், அதாவது அது காரத் தன்மை உடையது. மண் கறை போக வேண்டும் என்று அதனைக் கையில் தேய்ப்பதே நம்மிடையே மிகப் பரவலான தீங்கு. கடற்கரையோரக் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வன்னீர் கிடைக்கும் இடங்களில், நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கழுவினாலும் போகாத படிவாகத் தோலில் தங்கி உறுத்துகிறது. அத்தகைய இடங்களில் மென்மையான திரவக் கைகழுவி, அல்லது பயற்றம் மா, சவர்க்காரத்தைவிடச் சிறந்தது. கறை கடுமையாக இருந்தால் முதலில் தேங்காய் எண்ணெயோடு சிறிது சீனியைத் தேய்த்துக் கறையை இளக்கிவிட்டுக் கழுவலாம். வெடிப்பு உள்ள கைக்கு மட்டும் சீனி வேண்டாம். சுடுநீர் கொழுப்பை விரைவாகக் கரைப்பதால் கிணற்றுத் தண்ணீரே போதும்.

தேசிக்காயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழைக்கயரைப் போக்கத் தேசிக்காயைத் தேய்த்துவிட்டு மீண்டும் வெயிலில் இறங்குவோர் பலர். தேசிப்புளியிலும் அதன் தோலிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டதுபோலப் புண்ணாக்கக்கூடியவை. கொப்புளங்கள் எழுந்து, ஆறிய பின்னும் கரிய தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் வேலை முடிந்து வெயில் சாய்ந்த பிறகு தேய்த்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் வறண்ட தோலுக்கு வழங்கப்படும் அக்குவஸ் கிரீமைப் பூசிவிட்டுச் சிலருக்கு எரிவு கூடுவதுண்டு. அதன் வழமையான கலவையில் சோடியம் லோரில் சல்பேற்று என்ற நுரைப்பொருள் இருப்பதே அதற்குக் காரணமாகலாம். அதனைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடப் பயன்படுத்தினால் நன்மையே. பூசி விட்டுவைப்பதற்கு வாசலீன் மேலானது.

வெடிப்பை அழகு சார்ந்த குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் இலங்கையில் காணப்படும் நோய். நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்குகிறது. எலிக்காய்ச்சலும் தோல் கிழிந்த இடத்தின் வழியாக வயலில் இறங்குபவரின் உடலுள் நுழையக்கூடும். எனவே நீரிழிவு உள்ளவர்களும் வயல்நீரில் வேலை செய்பவர்களும், வெடிப்பு வாய்திறந்திருக்கும் நாட்களில் அதனை மூடிக் கட்டி, நீர் புகாத கையுறை அணிந்தே மண்ணைத் தொட வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறிவதும் நல்லது. இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் வெடிப்பு மூடாவிட்டால், அல்லது ஒரு கையில் மட்டும் தோல் உரிந்து அரித்தால், அது வெறும் வறட்சியாக அல்லாமல் பூஞ்சணத் தொற்றாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். சீழ், வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் பூச்சுகளை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும். அப்போது தாம் மண்ணில் வேலை செய்பவர் என்பதையும் அவரிடம் தவறாமற் சொல்ல வேண்டும்.