ஈவில் டெட் 4கே டிஸ்க்: இரண்டு பக்கக் கறுப்புப் பட்டையில் கை வைக்காதீர்கள்

சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' (1981) படத்தைப் பார்த்ததாகச் சொல்லாத பேய்ப்படப் பிரியர் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் அரிது. ஆனால் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் விடை வேறாக வரும். டெக் வாடகைக்கு எடுத்த காலத்தில் காப்பிக்குக் காப்பி போட்டு நிறம் செத்த கேசட். அதற்குப் பிறகு ஒரே டிஸ்க்கில் நாலைந்து படம் அடைத்த பஜார் டிவிடி. இப்போது மேலும் கீழும் வெட்டி செல்போனில் ஓடும் பிரதி. மூன்றிலும் படம் பாதிதான் இருக்கிறது. லயன்ஸ்கேட் கம்பெனி 2018 அக்டோபரில் வெளியிட்ட 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க் மிச்சப் பாதியைத் திருப்பித் தருகிறது. ஆனால் டிவியைச் சரியாக வைத்தால்தான் தரும்; கடையில் இருந்து வந்த அமைப்பிலேயே ஓட்டினால் காசு தண்டம்.

கதை இரண்டு வரி: ஐந்து இளைஞர்கள் காட்டுக்குள் இருக்கும் மர வீட்டில் தங்குகிறார்கள். நிலவறையில் கிடைத்த டேப் ரெக்கார்டரை ஓட்டியதும் அதிலிருந்த மந்திரம் பேயைக் கிளப்பிவிடுகிறது. புரூஸ் கேம்ப்பெல் கடைசிவரை நிற்பவர். கதைக்காக யாரும் இதைத் திரும்பப் பார்ப்பதில்லை, எடுத்த விதத்துக்காகத்தான் பார்க்கிறார்கள். டென்னசி மாநிலத்தின் மோரிஸ்டவுன் அருகே ஒரு பாழடைந்த வீட்டில், கையில் இருந்த சொற்பப் பணத்தில், 16 மி.மீ. கேமராவில் எடுத்து, பிறகு தியேட்டருக்காக 35 மி.மீ.க்குப் பெரிதாக்கிய படம் இது. டிஸ்க்கில் நல்லதாகத் தெரிவதும் குறையாகத் தெரிவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் முடியும்.

16 மி.மீ. கட்டத்தின் அளவு சுமார் 10.3-க்கு 7.5 மி.மீ. வழக்கமான 35 மி.மீ. கட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் கால்வாசிகூடத் தேறாது. அதனால் 4கே என்றதும் முடி முடியாகத் தெரியும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். தெரிவது கிரெய்ன்: காசிமேட்டு மணலைக் கண்ணாடியில் மெல்லத் தூவிவிட்டது போலப் படம் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, பிலிமே அப்படித்தான். டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஓடினால் கிரெய்னோடு சேர்ந்து முகத் தோல், மரப்பலகையின் ரேகை, காட்டு மூட்டம் எல்லாம் மெழுகாகிவிடும். அதை அணைத்துவிட்டு, 'ஷார்ப்னெஸ்' அளவையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில டிவியில் நடு அளவுதான் பூஜ்யமாகக் கணக்காகும். எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

அடுத்தது வடிவம். 16 மி.மீ.யின் இயல்பு வடிவம் ஏறக்குறைய பழைய டிவி போல 4-க்கு 3. டிஸ்க்கில் படம் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. 43 அங்குல டிவியில் ஓட்டினால் நடுவில் 71 செ.மீ. அகலத்துக்குப் படமும், இரண்டு பக்கமும் சுமார் 12 செ.மீ. கறுப்புப் பட்டையும் நிற்கும். "டிவி முழுக்க வரலையே" என்று வீட்டில் யாராவது ரிமோட்டை எடுப்பார்கள். விடாதீர்கள். 'வைட்' போட்டால் முகமெல்லாம் பூசணிக்காயாகும். 'ஜூம்' போட்டால் உயரத்தில் கால்வாசி பறிபோகும். தியேட்டர்களுக்காக 1.85 அளவில் வெட்டியபோதும் இதே கதைதான், உயரத்தில் சுமார் 28 சதவீதம் போயிற்று. இந்தப் படம் கூரையையும் தரையையும் வைத்தே பயமுறுத்துகிறது: தரையோடு கிடக்கும் நிலவறைக் கதவு, அதன் இடுக்கில் எட்டிப் பார்க்கும் முகம், தலைக்கு மேல் உத்தரங்கள், கதாநாயகனின் பின்னாலிருந்து தலைகீழாகக் கிளம்பி முன்னால் வந்து இறங்கும் கேமரா. மேலும் கீழும் வெட்டினால் வீடு பெரிதாகிவிடும், மூச்சு முட்டாது.

மூன்றாவது, அசைவு. காட்டுக்குள் தரையோடு பாய்ந்து வரும் அந்தப் பிரபலமான பார்வைக்குத் தண்டவாளமோ கிரேனோ கிடையாது. நீளப் பலகையின் நடுவில் கேமராவை முடுக்கி, இரண்டு முனையை இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குலுங்கலைப் பலகையும் அகல லென்ஸும் வாங்கிக்கொண்டன. மிச்சம் இருந்த நடுக்கம்தான் படத்தின் உயிர். டிவியின் 'மோஷன் ஸ்மூத்' வசதி இல்லாத கட்டங்களைத் தானே இட்டு நிரப்பி அந்த நடுக்கத்தை வழுக்கலாக்கும். காட்டுப் பேய் டிவி சீரியல் கேமரா ஆகிவிடும். கடைசிக் காட்சியில் உடல்கள் அழுகி உருகுவது ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன். அங்கே இந்த வசதி படத்தைக் கிழித்தே போடும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; 'பிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும்.

நிறத்தில்தான் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் ஆழத்தோடு காட்டும் முறை) வேலை செய்திருக்கிறது. இரத்தமாக ஊற்றியது சோளப்பாகில் உணவுச் சாயமும் காபித்தூளும் கலந்த கலவை. காபி சேர்ந்ததால் அது கொஞ்சம் பழுப்பு தட்டிய சிவப்பு. பழைய டிவிடிகளில் ஒன்று ஆரஞ்சாக இருக்கும், அல்லது கறுப்பாக இருக்கும். இதில் சரியான ஆழத்தில் வருகிறது. நிலவறை பல்புக்குள் இரத்தம் நிறையும் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். 'விவிட்' மோடில் வைத்தால் அதே இரத்தம் தக்காளி சாஸ் ஆகும். பேய் பிடித்தவர்களின் வெள்ளைக் கண், கெட்டியான கண்ணாடி லென்ஸ் மாட்டி எடுத்தது. ஒளி அளவோடு இருந்தால் அதன் விளிம்பே தெரியும். மிதமிஞ்சினால் வெறும் வெள்ளைப் பொட்டு.

விலை குறைந்த 4கே டிவிகளில் ஒரு சிக்கல் உண்டு. எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்ட வெளிச்சம் போதாது. நிலவறைக் காட்சி முழுக்க இருட்டாகிவிடும். டிவியின் திறனுக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும் 'டைனமிக் டோன் மேப்பிங்' இருந்தால் போடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பிளேயரிலேயே எச்டிஆரைச் சாதாரண வெளிச்ச முறையான எஸ்டிஆராக மாற்றி அனுப்பலாம். டிவிக்கு எதிர்ச்சுவரில் டியூப் லைட் இருந்தால் அதை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் மங்கலாக ஒரு விளக்கு வையுங்கள்.

ஒலிதான் ஏமாற்றம். தியேட்டரில் வந்தது மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி. டிஸ்க்கில் இருப்பது அதிலிருந்து பிறகு பிரித்தெடுத்த, சுற்றிலும் ஒலிக்கும் 5.1 ட்ரூஎச்டி. காற்றும் முனகலும் சுற்றி வருவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய மோனோவின் நெரிசலான இரைச்சல் இல்லை. அதையும் ஒரு டிராக்காகப் போட்டிருக்கலாம், மனசு வரவில்லை. வசனம் சன்னமாகவும் அலறல் உச்சத்திலும் இருப்பதால், ஒரே சுவரில் இரண்டு குடித்தனம் இருக்கும் ராயபுரம், கொருக்குப்பேட்டை வீடுகளில் இரவில் ஓட்டுவோர் பிளேயரில் 'நைட் மோட்' போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கதவைத் தட்டுவது பேயாக இருக்காது. பிரிட்டன் டிவிடியோ பழைய பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) கேசட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவை வினாடிக்கு 25 கட்டமாக ஓடுவதால் 85 நிமிடப் படம் 82 நிமிடத்துக்குள் முடியும், குரல்களும் சற்றுக் கீச்சென்று ஏறும். பேயின் குரல் கனமாக இல்லையே என்று தோன்றியிருந்தால் காரணம் அதுதான்.

வாங்குவதற்கு முன்: 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டு பிளேயரில் ஓடாமல் தடுப்பது) கிடையாது, அமெரிக்கப் பதிப்பு இங்கே ஓடும். பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேயையும், தனியாக விற்கும் அமெரிக்க டிவிடியையும் அப்படி நம்ப முடியாது. டிவிடியில் இந்தியா 5-வது மண்டலம், அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் நாம் 'சி', அவர்கள் 'ஏ'. டிஸ்க் டிரைவ் உள்ள கேம் பெட்டிகளான பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 4கே டிஸ்க் ஓடும். பிஎஸ்4-ல் ஓடாது, ப்ரோவிலும் ஓடாது. 18 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும்; டிவியில் அந்த இன்புட்டுக்கு 'என்ஹான்ஸ்டு' அமைப்பைத் திறந்துவிடவும் வேண்டும். திறக்காமல் விட்டால் நிறம் வெளிறி வரும், பலரும் டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள்.

ராஜாஜி சாலைப் பக்கம் பழைய டிஸ்க் தேடுவோர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடி வெள்ளியாக மின்னும். ஊதா கலந்திருந்தால் கம்ப்யூட்டரில் எழுதியது. உறையில் 4கே என்று அச்சடித்து உள்ளே கம்ப்யூட்டரில் எழுதிய சாதா டிவிடி வைத்திருந்தாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

படத்தின் ஒப்பனை, தந்திரக்காட்சிக் கலைஞர் டாம் சல்லிவன் வடிவமைத்த, ரப்பர் அட்டையில் முகம் பிதுங்கும் 2002 'புக் ஆஃப் தி டெட்' டிவிடிப் பெட்டி அழகுதான். நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஆகாது: லேடெக்ஸ் பிசுபிசுத்து, ஒட்டி, கடைசியில் வெடிக்கும். திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றில் ஸ்டீல் பெட்டிகளின் ஓரமும் துருப்பிடிக்கும். டிஸ்க்கைச் சாதாரண பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

55 அங்குலமும் அதற்கு மேலும் டிவி இருந்தால், அல்லது இந்தப் படத்தின் நல்ல பிரதியே கையில் இல்லையென்றால், 4கே-யை வாங்கலாம். 43 அங்குலத்தில் எட்டடி தள்ளி உட்காருபவருக்கு 2010-ல் ஆங்கர் பே வெளியிட்ட ப்ளூ-ரேயே தாராளம், அதில் 4-க்கு 3, 1.85 இரண்டு வடிவமும் இருக்கின்றன. அதன் லிமிடெட் பதிப்பில் படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படம் தனி டிஸ்க்கில் உண்டு. 4கே பெட்டியில் ரெய்மி, தயாரிப்பாளர் டேப்பர்ட், கேம்ப்பெல் மூவரின் வர்ணனை மட்டும்தான். ஆகவே புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தமிழ் சப்டைட்டில் எதிலும் இல்லை. மரங்கள் ஒரு பெண்ணைத் தாக்கும் காட்சி பாலியல் வன்முறையே. தேவையில்லாமல் வைத்துவிட்டதாக ரெய்மியே பின்னாளில் வருந்தியிருக்கிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஓட்டுங்கள்.