ஹாவ் பார் வில்லா: விலங்குகள் தவம் செய்யும் தோட்டம்

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் சாலையை ஒட்டியுள்ள ஹாவ் பார் வில்லாவைப் பார்த்து வந்தவர்கள், நாக்கை அறுப்பதையும் உடலை இரண்டாகப் பிளப்பதையும் காட்டும் அங்குள்ள நரகக் காட்சிகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தோட்டத்தின் உண்மையான செல்வம் அதன் விலங்குகள்தாம். பாம்பும் குரங்கும் சிலந்தியும் ஆமையும் ஆன்மிக முயற்சியும் நன்றியுணர்வும் உடையவை என்று சீனர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பி வந்ததை, சுற்றிலும் நடந்து பார்க்கக்கூடிய உருவங்களாக அங்கே காணலாம்.

டைகர் பாம் தைலத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆவ் பூன் ஹாவ், தம் தம்பி ஆவ் பூன் பாருக்காக 1937இல் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். போருக்குப் பிறகு மாளிகை இடிக்கப்பட்டது. சிலைகளோ பெருகிக்கொண்டே போயின. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகளும் ஏறத்தாழ 150 காட்சித் தொகுப்புகளும் உள்ளன. சாயங்கள் கண்ணைப் பறிக்கின்றன. கலைநயத்தை விடக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரமே பல சிலைகளில் மேலோங்கி நிற்கிறது. அந்த வெளிப்படையான ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் வெள்ளைப் பாம்பின் கதையைச் சொல்லும் பகுதிக்குச் செல்லுங்கள். ஆயிரம் ஆண்டுகள் தவம் செய்து பெண்ணுருப் பெற்ற பாய் சூஜென் என்ற வெள்ளைப் பாம்பு, ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிக்கரையில் சூ சியென் என்ற இளைஞனைக் காதலித்து மணக்கிறாள். ஐந்தாம் மாதத்தின் ஐந்தாம் நாள் திருவிழாவில், கணவன் கொடுத்த, மனோசிலை என்ற செந்நிறத் தாது கலந்த மதுவை மறுக்க முடியாமல் அருந்தியதும் அவளுடைய பாம்புருவம் வெளிப்பட, அதைக் கண்ட அதிர்ச்சியில் அவன் உயிர் பிரிகிறது. உயிர் மீட்கும் மூலிகையைத் தேடி உயிரைப் பணயம் வைத்துப் போகிறவளும் அந்தப் பாம்புதான். பின்னர் கணவனைத் தன் மடத்தில் அடைத்துவைக்கும் ஃபாஹாய் என்ற துறவியுடன் அவள் நீரைப் பெருக்கிப் போரிடுகிறாள். இறுதியில் லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் சிறைப்படுகிறாள். இந்தக் கதையை 1624இல் வெளிவந்த தம் தொகுப்பில் ஃபெங் மெங்லோங் பதிவு செய்தபோது இருந்ததை விட, பின்னாளில் மேடைகளில் அவள் மீதான பரிவு மிகுந்தது. அந்த மாற்றத்தை மனத்தில் கொண்டு பார்த்தால், யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி பார்ப்பவரை எளிதில் விடாது.

மறுபிறப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, விலங்கு இறந்து அடுத்த பிறவியில் மனிதராகலாம் என்ற எண்ணம் புதிதன்று. பௌத்தத்தின் வழியே சீனர்களும் அதை ஏற்றுக்கொண்டவர்கள். ஆனால் அதற்கு அப்பால், ஒரு விலங்கு அதே உடலோடு, அதே வாழ்நாளில், மூச்சையும் மனத்தையும் அடக்கிப் பயின்று மனித வடிவத்தையும் அதற்கு மேலான நிலையையும் எட்டலாம் என்ற நம்பிக்கை அவர்களிடம் வேரூன்றியிருந்தது. நான்காம் நூற்றாண்டில் மறைந்த அறிஞர் குவோ பூவின் பெயரில் வழங்கும் ஒரு குறிப்பு, நரி ஐம்பது வயதில் பெண்ணாக மாற வல்லது என்றும், ஆயிரம் வயதில் வானுலகோடு தொடர்பு பெற்று விண்நரி ஆகிறது என்றும் கூறுகிறது. வட சீனக் குடும்பங்கள் பல, நரி, மரநாய் இனத்து வீசல், முள்ளெலி, பாம்பு, எலி ஆகிய ஐந்தையும் வீட்டுக்கு நன்மை தீமை செய்யவல்ல தேவதைகளாக எண்ணி வழிபட்டன. வயதும் ஒழுக்கமும் சேர்ந்தால் எந்த உயிரும் உயரலாம் என்ற இந்தத் துணிவான எண்ணத்துக்காகவே இந்தத் தோட்டத்தை நான் மதிக்கிறேன்.

காஞ்சிபுரம் வரை வந்தவராக நாம் பாடநூல்களில் படித்த யுவான் சுவாங், இங்கே ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலின் காட்சிகளில், குரங்கும் பன்றியும் துணைவரப் பௌத்த மறைநூல்களைத் தேடிப் புறப்படும் துறவியாக நிற்கிறார். கல்லிலிருந்து பிறந்த குரங்கு சுன் வூகோங் வானுலகையே கலக்கியவன். பன்றி முகத்தவனோ வானுலகப் படைத்தலைவனாக இருந்து தவறிழைத்துப் பன்றியின் வயிற்றில் வந்து விழுந்தவன். துறவியைப் பிடிக்க வலைவிரிக்கும் சிலந்திப் பெண்களும் தவவலிமை பெற்றவர்கள்தாம். பெற்ற வலிமையை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அறநெறிக் காட்சிகளுள் ஆமையின் கதையைத் தவறவிடாதீர்கள். முன்பு தன்னை விலைக்கு வாங்கி விடுவித்த மனிதன் கடலில் தத்தளிக்கையில், அந்த ஆமை வந்து அவனைக் காக்கிறது. பிடிபட்ட உயிரை விடுவித்தால் புண்ணியம் சேரும் என்ற வழக்கம் இன்றும் விசாக தினத்தை ஒட்டித் தொடர்கிறது. கடையில் வாங்கிய ஆமையைக் காட்டிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டால் அதுவும் பிழைக்காது, அங்குள்ள உயிர்களும் பாதிக்கப்படும் என்று சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் எச்சரித்து வருவதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கதை தெரியாமல் போனால் இந்தச் சிலைகள் வெறும் விந்தைகளாகவே தோன்றும். நான் கட்டணம் செலுத்திச் சேர்ந்துகொண்ட ஒரு வழிகாட்டிச் சுற்றுலாவில், வெள்ளைப் பாம்பின் முன் ஒரு நிமிடம்கூட நிற்க விடாமல் எங்களை நரகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். கொடுத்த பணத்துக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆகவே, கதைகளை முன்கூட்டியே படித்துக்கொண்டு தனியாகச் செல்வதே நல்லது. தோட்டம் குன்றின் சரிவில் அமைந்திருப்பதால் ஏற்றமும் படிகளும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் நிதானமாக நடக்க வேண்டும். நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2021இல் திறக்கப்பட்ட நரக அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். நரகத்தின் காவலர்களான மாட்டுத்தலையனையும் குதிரைமுகத்தானையும், உயிர்கள் மறதிப் பானம் அருந்தி மனிதராகவோ விலங்காகவோ மீண்டும் பிறக்கச் செல்லும் பத்தாம் நீதிமன்றத்தையும் காண அந்தச் செலவு தகும். சிறு பிள்ளைகளை மட்டும் அந்தப் பகுதிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் வட்டப் பாதைத் தடத்தில் ஹாவ் பார் வில்லா என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வந்தால் தோட்டத்தின் வாயில் அருகிலேயே உள்ளது.