எல்க் மான் வேட்டை: ஈயக் குண்டா, செப்புக் குண்டா?

.30-06 (ஒரு தோட்டா அளவு) துப்பாக்கியோடு அமெரிக்கக் காடுகளுக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

விலை: ஈயம் மலிவு. செம்பு கூடுதல்.

எலும்பில் பட்டால்: சாதாரண ஈயக் குண்டு கிட்டத்தில் தோள் எலும்பில் மோதினால் மேலுள்ள செப்பு உறை கிழிந்து சிதறும், இறைச்சியில் ஈயத்துகள் கலக்கும். செம்பு இதழிதழாக விரிந்து, எடை குறையாமல் ஆழமாகப் போகும். அதனால் 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயத்துக்குப் பதில் 165 கிரெய்ன் செம்பே போதும்.

வேகம்: இங்கேதான் செம்பு சறுக்கும். பலவகைச் செப்புக் குண்டுகள் நன்றாக விரிய நொடிக்குச் சுமார் 2,000 அடி வேகம் வேண்டும். தூரம் கூடி வேகம் தளர்ந்தால் ஊசிபோலத் துளைத்துப் போகும். மான் காயத்தோடு ஓடி வதைபடும். அது கூடவே கூடாது.

கலிபோர்னியாவில் ஈயக் குண்டு வேட்டைக்கு 2019 ஜூலை முதல் தடை. வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற, ஈயத்துகள் கலந்த குடலைத் தின்று காண்டர் கழுகுகள் நஞ்சேறிச் செத்தன. மற்ற இடங்களில் 300 கெஜத்துக்குள் செம்பு. அதைத் தாண்டினால், உறையோடு ஈயம் பிணைத்த குண்டு.