ஒன்றரை ஆண்டாக ஒரு கணக்கு விளையாட்டுச் செயலி

"சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று காவேரிப்பட்டினத்து நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். தருமபுரியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒன்றரை ஆண்டாக அந்தச் செயலியில் விளையாடி வருகிறாள். படத்திலும் குரலிலும் குறையில்லை.

எனக்கு ஆறாத எரிச்சல், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள் வந்து நிற்பதுதான். 7 × 8 என்று வந்தால் 54, 63, 56, 48 என எல்லாவற்றையும் அவள் விரல் வரிசையாகத் தட்டிவிடும். ஏதோ ஒன்றில் கிளி சிறகடிக்கும், நாணயம் விழும். தவறாகத் தட்டியதற்குக் கழிவும் இல்லை, ஏன் தவறு என்ற விளக்கமும் இல்லை. மாதக் கடைசியில் 'பெருக்கல்: மிக நன்று' என்று எனக்கு அறிக்கை வந்த அன்றிரவே ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். "எதுலேர்ந்துப்பா சொல்லணும்?" என்றாள்.

புளி தட்டும் காலத்தில் என் அம்மா கொட்டைகளைச் சேர்த்து வைத்துப் பேத்தியைப் பல்லாங்குழிக்கு உட்காரவைப்பார். ஒரு பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 5 கொட்டை என்றதும் ஆளுக்கு 35, மொத்தம் 70 என்று கேட்காமலே சொன்னவளும் இவளேதான். எந்தக் குழியை அள்ளினால் கை எங்கே போய் முடியும் என்று எடுப்பதற்கு முன்பே கண்ணால் எண்ணிப் பார்க்கிறாள். அங்கே தட்டிப் பார்க்க நான்கு விடை இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 0 முதல் 100 வரை வெறும் கோடு ஒன்றைக் காட்டி, 37 எங்கே வரும் என்று தவளையை வைக்கச் சொல்லும் விளையாட்டு அதில் உண்டு. முதலில் தவளையைக் கண்டபடி வைத்தவள், இப்போது பாதியை மனத்தில் குறித்துக்கொண்டு அதற்குச் சற்று இப்பால் வைக்கிறாள். கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போகும்போது காரிமங்கலம் வந்ததும், "பாதி வழி வந்திருக்குமாப்பா?" என்று கேட்டாள். ஏறக்குறைய சரிதான். பல்லாங்குழி இதைக் கற்றுத் தந்திருக்காது.

நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். தவளைக்காக நான் மட்டும் இன்னும் ஓராண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பெருக்கல் பகுதி வரும்போது ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையால் திரையின் கீழ்ப்பாதியை மூடிப் பிடித்துக்கொள்கிறேன். அவள் வாய்விட்டு விடை சொன்ன பிறகுதான் எடுக்கிறேன்.