ஃபோர்ஜ் வெல்டிங் ஃபிளக்ஸ்னு 6800-க்கு தண்ணிய வித்திருக்கானுங்க, யாரும் வாங்கிடாதீங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கொல்லுப்பட்டறை சாமான், கத்தி செய்ற சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் போட மாட்டேன், போட்டா பதிவையே தூக்க வெச்சிடுவானுங்க, அவனுங்க பக்கத்துல நான் போட்ட ரிவ்யூவ ஏற்கனவே தூக்கியாச்சு. 6800 போச்சு.

ஹை கார்பன் தகடும் நிக்கல் தகடும் மாத்தி மாத்தி அடுக்கி உலையில சூடாக்கி சுத்தியலால அடிச்சே ஒட்ட வெச்சு (அதான் ஃபோர்ஜ் வெல்டிங்) ஒரு பில்லெட், அதாவது ஒரே கட்டி, அடிக்கணும்னு இருந்தேன். ஒட்டுறதுக்காக தூவுற பொடிதான் ஃபிளக்ஸ், சாதா வெங்காரம் (போராக்ஸ்) போட்டே அடிக்கலாம், காலங்காலமா அதத்தான் போடுறாங்க. ஆனா சாதா போராக்ஸ்ல எடைக்கு கிட்டத்தட்ட 47 சதவீதம் தண்ணி, சூடான இரும்புல தூவினா பால் பொங்குற மாதிரி பொங்கி பாதி உலைக்குள்ள விழுந்துடும், விழுந்தது உருகி உலையோட உள்சுவர் லைனிங்க வேற அரிச்சு எடுக்கும். அதான் தண்ணி எடுத்த போராக்ஸ், அன்ஹைட்ரஸ்னு விக்கிறது, அது வேணும்னு தேடினேன்.

சாட்ல ஒரு ஆள் வந்தான். விலைய சொல்லல, நேரா என்ன ஸ்டீல்னு கேட்டான், கரி உலையா கேஸ் உலையா, உள்ள செராமிக் ஊலா (சூடு தாங்குற பஞ்சு), ஊலுக்கு மேல கோட்டிங் குடுத்திருக்கீங்களான்னு கேட்டான். பட்டறையில நின்னவன் மட்டும்தான் இதெல்லாம் கேப்பான். அந்த நிமிஷமே நம்பிட்டேன், யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க. "எங்க மிக்ஸ் சுத்தமா தண்ணியில்லாதது சார், பொங்கவே பொங்காது, நிக்கல் ஸ்டீலுக்குன்னே ஃப்ளோர்ஸ்பார் சேர்த்திருக்கோம்"னான் (ஃப்ளோர்ஸ்பார்னா ஃப்ளோரைடு இருக்கிற ஒரு கனிமம்). சின்ன பாக்கெட் ஸ்டாக் இல்ல, பெரிய டப்பா மட்டும்தான், அதுவும் கடைசி ரெண்டுதான் இருக்குன்னான். 6800 கட்டினேன். (இப்ப போய் பார்த்தாலும் அந்தப் பக்கத்துல "கடைசி ரெண்டு"தான் காட்டுது.)

இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் தூவினேன். பொங்குச்சு! பொங்காதுன்னு சொன்ன சரக்கு பொங்கி உதிருது. சரி, மஞ்ச சூட்டுக்கு ஏத்தி அடிச்சேன், ஒட்டின மாதிரிதான் இருந்துச்சு, ஓரத்த கிரைண்டர்ல பிடிச்சா தகட்டுக்கு நடுவுல கறுப்பு கோடு, வைஸ்ல வெச்சு வளைச்சதும் வாயப் பொளந்துடுச்சு. ஃபிளக்ஸ் ஒண்ணும் பசை கிடையாது. போராக்ஸ் 740 டிகிரி பக்கம் உருகி, அந்தச் சூட்டுல தானா உருகாத இரும்பு ஸ்கேல (சூட்டுல மேல படியுற கறுப்பு ஏடு) கரைச்சு தண்ணியாக்கி வெச்சிருக்கும், முதல் அடியில அந்தக் கசடு வெளிய தெறிச்சு ஓடணும், சுத்தமான இரும்பும் இரும்பும் அப்பதான் சேரும். எனக்கு ஓடவே இல்ல, உள்ளயே உக்காந்துடுச்சு. தகடும் போச்சு கரியும் போச்சு, அதெல்லாம் அந்த 6800-ல சேராது.

சந்தேகம் வந்து 100 கிராம் நிறுத்து இரும்புச் சட்டியில போட்டு பொங்கி அடங்குற வரைக்கும் காய்ச்சினேன், மிஞ்சினது பாதிக்கு கொஞ்சம் மேல. நிஜமாவே தண்ணியில்லாததா இருந்தா எடை அப்படியே நின்னிருக்கணும். இன்னொரு சிட்டிகையில வினிகர் விட்டா புஸ்ஸுனு நுரைக்குது! போராக்ஸ் வினிகருக்கு நுரைக்காது, சோடா உப்பு மாதிரி ஏதாவது கலந்தாதான் நுரைக்கும். ஆக சாதா போராக்ஸ், அதுலயும் கலப்படம், அதுக்கு 6800.

இதுக்கப்புறம்தான் கூத்தே. முதல்ல "உங்களுக்கு ஹீட் பத்தல சார்". வீடியோ அனுப்பினேன், "கரி உலைல கந்தகம் இருக்கும், கேஸ்ல ட்ரை பண்ணுங்க". எடை போட்ட போட்டோ அனுப்பினேன், "சீல் உடைச்ச டப்பாவ திரும்ப எடுக்க மாட்டோம்". சீல உடைக்காம நான் எப்படிய்யா வெல்ட் அடிக்கிறது? உள்ள என்னதான் இருக்கு, பாதுகாப்பு ஷீட்டாவது குடுங்கன்னா "கம்பெனி ரகசியம்"ங்கிறான். ஃப்ளோர்ஸ்பார் நெஜமாவே இருந்தா அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, இல்லன்னா சொன்னது பச்சைப் பொய், ரெண்டுல எதுன்னு தெரியாமலே நான் மூஞ்சிய நீட்டி புகைய இழுத்துட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு லைனிங் பத்தி அவ்ளோ அக்கறையா கேட்டானே, அவன தேடினா "அவர் வேற டீமுக்கு போயிட்டார்". கடைசியா ஒரு மெயில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்னு. 6800-ஐ முழுங்கிட்டு ஸ்டார் கேக்கறான்.

எந்த ஃபிளக்ஸ் எதுக்குன்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல, இத மட்டும் பிடிச்சுக்கோங்க. டப்பா மேல என்ன கலந்திருக்குன்னு எழுதலன்னா வாங்காதீங்க. அன்ஹைட்ரஸ்னு சொன்னா முதல்ல சின்ன பாக்கெட் வாங்கி காய்ச்சி எடை பாருங்க, வினிகர் விட்டும் பாருங்க. மைல்ட் ஸ்டீலுக்கெல்லாம் சாதா போராக்ஸ் போதும், அதையே சட்டில உருக்கி ஆறவிட்டு இடிச்சா தண்ணி போயிடும், இதுக்கு எவனுக்கும் 6800 அழ வேணாம். கண்ணாடி போடாம முதல் அடி அடிக்காதீங்க, கசடு மூஞ்சிக்குத்தான் வரும். கார்டுல கட்டியிருந்தா உடனே பேங்க்ல டிஸ்ப்யூட் (பணத்த திருப்பிக் கேக்கற புகார்) போடுங்க, அதுக்கு கெடு இருக்கு, நான் இப்ப அந்த ஃபார்மதான் நிரப்பிட்டு இருக்கேன்.