குவீன்ஸ்வேயில் 'இர்வின் 3': ஜெர்சியில் பெயர் பதிக்கும் ஒரு கடை

பழைய ஜெர்சிக்குப் பெயரும் நம்பரும் எங்கே பதிக்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு இது உதவலாம். சிங்கப்பூர் குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் ஜெர்சிக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பாதிக் கடைகளில் பெயரும் பதித்துத் தருவார்கள். நான் கொடுத்தது மாடியில், பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டுகிற கடையை ஒட்டியுள்ள ஒரு சின்னக் கடையில். கடைப் பெயரைச் சொல்லவில்லை. பாராட்டோடு ஒரு குறையும் வரப்போகிறது, அதனால்தான்.

சட்டை, 1992 முதல் 1994 வரை மான்செஸ்டர் யுனைடெட் போட்ட சிவப்புச் சட்டை. கழுத்தில் நாடா கட்டுகிற காலர், நெஞ்சில் ஷார்ப் விளம்பரம். அத்தான் அந்தக் காலத்தில் வேலை விஷயமாக இங்கிலாந்து போனபோது எனக்காக வாங்கி வந்தது. அவர் லிவர்பூல் கட்சி. கடைக்குள் போய் அந்தச் சட்டையைக் கையால் தொட்டதே பெரிய தியாகம் என்று இன்னமும் சொல்லிக்காட்டுவார். முதுகுப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. அலமாரியில் இத்தனை வருடம் கிடந்ததில் சிவப்பு லேசாக மங்கியிருக்கிறதே தவிர, துணி நைந்துபோகவில்லை.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். இருபது வயதுகூட இருக்காது. "இர்வின், நம்பர் மூன்று" என்றேன்.

"ஸ்டீவ் இர்வினாண்ணே? முதலை பிடிப்பாரே, அவரா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கான்டனா 7, கீன் 16, பெக்கம் 7 என்று பதித்தே பழகிய கை. யுனைடெட்டின் பழைய தற்காப்பு ஆட்டக்காரர் டெனிஸ் இர்வினைக் கேட்டு அந்தக் கடைக்கு யார் வந்திருக்கப் போகிறார்கள்? அவர் ஆடிய காலத்திலேயே நிலைமை அதுதான். கிக்ஸ் ஓடினால் கத்துவோம், கான்டனா காலரைத் தூக்கிவிட்டால் கத்துவோம். இடப்பக்கத் தற்காப்பில் ஒருவர் நிற்கிறார் என்பதே எதிரணி அந்தப் பக்கம் வர முடியாமல் தவிக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

விலைக்கு வருகிறேன். எழுத்துக்கு மூன்று வெள்ளி, நம்பருக்குப் பத்து. இர்வினுக்கு ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, ஆக மொத்தம் 25 வெள்ளி. சோல்ஷியார் ரசிகர்கள் ஒன்பது எழுத்துக்கு அழ வேண்டியதுதான். வாங்குகிறவருக்குச் செலவு வைக்காத மனிதர் என்பதும் இர்வின் விஷயத்தில் பழைய கதையே. கார்க் நகரத்துக்காரர், 1965இல் பிறந்தவர். லீட்ஸ் யுனைடெட்டில் தொடங்கினார். 1986இல் அவர்கள் ஒரு காசு வாங்காமல் விட்டுவிட, ஓல்டம் அத்லெட்டிக் எடுத்துக்கொண்டது. அப்போது இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அணி, செயற்கைப் புல் திடல். 1990இல் அந்த ஓல்டம் லீக் கப் இறுதியாட்டம் வரை போனது. எஃப்ஏ கப் அரையிறுதியில் யுனைடெட்டை 3-3 என்று மடக்கி, மறு ஆட்டத்தில்தான் தோற்றது. அந்த ஜூனிலேயே யுனைடெட் மேலாளர் ஃபெர்குசன் 625,000 பவுண்டு கொடுத்து இர்வினை வாங்கினார். 12 ஆண்டுகள், 529 ஆட்டங்கள், ஏழு பிரிமியர் லீக் பட்டங்கள். கணக்குப் போட்டால் இதைவிட மலிவான வியாபாரம் அந்த கிளப் செய்திருக்குமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பாவம், வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை, கேட்டுக்கொண்டே நின்றான்.

இப்போது குறை. பையன் முதலில் எடுத்து வைத்தது 1997இல் வந்த எழுத்து வகை. கையிருப்பில் அதுதான் இருக்கிறதாம். "யாருக்குண்ணே வித்தியாசம் தெரியப்போகுது?" என்றான். எனக்குத் தெரியும், தம்பி. பிரிமியர் லீக்கில் முதுகில் பெயர் வந்ததே 1993 ஆகஸ்டில்தான். அதற்கு முந்தைய பருவத்தில் இதே சட்டையில் வெறும் நம்பர் மட்டும் இருக்கும். ஆக 'இர்வின் 3' என்று போட்டால் அது 1993-94 பருவத்துச் சட்டை, எழுத்தும் அந்தப் பருவத்து எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். தொட்டால் மெத்தென்று, வெல்வெட் துணி மாதிரி இருக்கிற வகை அது. கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, தருவித்துத் தருகிறேன், சனிக்கிழமை வாருங்கள் என்றார். சனிக்கிழமை போனால் எழுத்து வரவில்லை. ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் ஈசூனிலிருந்து குவீன்ஸ்டவுன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வெயிலில் நடந்திருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனாலும் ஐந்தில் ஒரு நட்சத்திரம் அங்கேயே போய்விட்டது.

மறுபடி போனபோது நடந்த வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. பழைய பாலியெஸ்டர் துணியைச் சூட்டு இயந்திரத்தில் வைத்தால் பளபளவென்று ஒரு சதுரத் தடம் விழுந்துவிடும், அப்புறம் அது போகாது. கடைக்காரர் முதலில் சட்டையின் கீழ்மடிப்பில், உள்பக்கமாக, ஒரு துண்டு எழுத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். சூட்டைக் கொஞ்சம் குறைத்தார். முதுகுப் பகுதியை நடுவாக மடித்து, விரலால் அழுத்தி ஒரு கோடு எடுத்துக்கொண்டார். அந்தக் கோட்டின் மேல் நடு எழுத்தை வைத்துவிட்டு, மற்ற எழுத்துகளை இரண்டு பக்கமும் அடுக்கினார். கடைசி எழுத்தை வைத்த பிறகு, தள்ளி நின்று பார்த்து, இரண்டாவது 'ஐ'யை மட்டும் ஒரு நூல் உள்ளே தள்ளினார். அதற்கு மேல் ஒரு தாளைப் போட்டு இயந்திரத்தை இறக்கினார். சூடு ஆறும்வரை மேலே ஒட்டியிருந்த படலத்தைத் தொடவேயில்லை. பையன் அவசரப்பட்டுக் கை நீட்டியபோது தட்டிவிட்டார்.

அந்த இடைவெளியில்தான் அத்தான் வாயைத் திறந்தார். என்கூட லக்சா சாப்பிட வந்தவர். "ஆன்ஃபீல்டில் சிவப்பு அட்டை வாங்கினவன்தானே இவன்?"

ஆமாம், அவன்தான். 1999 மே 5, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு திடல், நமக்கு மறுநாள் விடிகாலை மூன்று மணி. அன்றைக்கு இர்வின் பெனால்டி அடித்து யுனைடெட்டுக்கு இரண்டாவது கோல் வாங்கித் தந்தார். அப்புறம் விசில் ஊதிய பிறகு பந்தை உதைத்தார் என்று நடுவர் எல்லரே இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டினார். பத்துப் பேரோடு ஆடி, கடைசி நிமிடங்களில் பால் இன்ஸிடம் கோல் வாங்கி 2-2. சத்தமே போடாத ஒரு மனிதருக்கு அப்படியொரு காரணத்துக்கு அட்டை! அந்த அட்டையால் எஃப்ஏ கப் இறுதியாட்டமும் போயிற்று, அவர் இடத்தில் பில் நெவில் ஆடினார். நாலு நாள் கழித்து பார்சிலோனாவில் பாயர்ன் மியூனிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இர்வின்தான் இடப்பக்கம் நின்றார். மூன்று கோப்பை ஆண்டு என்று எல்லோரும் கொண்டாடும் ஆண்டில் அவருக்கு அந்த ஒரு இறுதியாட்டம் மட்டும் இல்லாமல் போனதை எந்த யுனைடெட் ரசிகரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. லிவர்பூல்காரர்தான் நினைவு வைத்திருக்கிறார்!

அத்தானுக்கு விட்டுக்கொடுக்காமல் நானும் கான்டனா கதையை எடுத்தேன். 1993 ஜனவரி, டாட்டன்ஹம் ஆட்டம், இதே நாடா வைத்த சட்டை. கான்டனா பந்தைத் தற்காப்பு வரிசையின் தலைக்கு மேலே லேசாகத் தூக்கி விடுகிறார். அது வந்து விழுகிற இடத்துக்கு ஓடி வந்திருப்பவர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்! கோல். அந்த பாஸைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அங்கே ஓட வேண்டும் என்று இர்வினுக்கு எப்படித் தோன்றியது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அவர் வலக்கால்காரர். 1991இல் பால் பார்க்கர் வலப்பக்கத்துக்கு வந்த பிறகு இடப்பக்கம் மாறியவர். வலக்கால்காரரை அங்கே நிறுத்தினால் பந்தைக் கால் மாற்றவே ஒரு நொடி போகும். இவருக்கு அந்த நொடி தேவைப்பட்டதேயில்லை.

அயர்லாந்துக்காக 56 ஆட்டங்கள். 1994 உலகக் கிண்ணத்தில் இத்தாலியை 1-0 என்று கவிழ்த்தபோது வலப்பக்கம் அவர்தான். அடுத்த ஆட்டத்திலும் மஞ்சள் அட்டை வாங்கி நார்வே ஆட்டத்துக்குத் தடை, அப்புறம் நெதர்லாந்துக்கு எதிராக அவரை எடுக்கவில்லை. அதில் அயர்லாந்து தோற்று ஊருக்குத் திரும்பியது. யுனைடெட்டை விட்ட பிறகு வுல்வ்ஸுக்குப் போய், 2003இல் அவர்களையும் பிரிமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

ஃபெர்குசனிடம் அவருடைய எல்லாக் காலத்துக்குமான சிறந்த அணியைக் கேட்டபோது, உறுதியாக இடம் என்று சொன்னது இர்வினுக்குத்தான். 'பத்துக்கு எட்டு' என்று அணியில் அவருக்குப் பட்டப்பெயரே இருந்தது. எந்த நாளும் அதற்குக் கீழே இறங்காதவர் என்று அர்த்தம். கடைக்கும் நான் அதே மதிப்பெண்தான் போடுகிறேன்: ஐந்துக்கு நான்கு.

படலத்தை உரித்தபோது ஒரு எழுத்தின் ஓரம்கூடத் தூக்கவில்லை. தடமும் விழவில்லை. பையன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான், கடைப் பக்கத்தில் போடுவானாம்.

போகிறவர்களுக்கு: பழைய எழுத்து வகை வேண்டுமென்றால் முதல் நாளே எந்தப் பருவம் என்று சொல்லிவிடுங்கள், எழுத்து வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். வாரநாள் மதியம் கூட்டம் இருக்காது. பணம் ரொக்கமாகவோ பேநவ் கைபேசிக் கட்டண முறையிலோ கொடுக்கலாம், கார்டு வாங்குவதில்லை. வீட்டில் துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால். டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.